மெய்நிகர் பாடகர் இசையின் தொடக்கக் காலப் பாடல்கள்: ஏக்க நினைவும் உரிமை வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

ஹட்சுனே மிக்கு என்னும் பாடும் மென்பொருளைக் கொண்டு 2007, 2008 ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் பயனர்கள் உருவாக்கிய பாடல்கள் இன்று ஏக்க நினைவுக்குரிய செவ்வியல் தகுதியைப் பெற்றுள்ளன. விதிகளும் வணிகமும் தலையிடாத காலத்தில் பிறந்தவை என்பதே அவற்றைக் குறித்து நிலவும் பொதுக்கருத்து. அப்பாடல்கள் சிலவற்றின் பொருண்மை, உருவாக்க முறை, அவற்றையொட்டி எழுந்த உரிமைச் சிக்கல் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. நேயர்கள் ஏங்கும் அந்தச் சுதந்திரம் இயல்பாக அமைந்ததன்று. 2007 டிசம்பரை மையமாகக் கொண்ட சில மாதங்களில் பூசலாலும் உடன்பாட்டாலும் அது உருவாக்கப்பட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் பாடகர், வோக்கலாய்டு, ஹட்சுனே மிக்கு, கூட்டுப் படைப்பு, பதிப்புரிமை, ஏக்க நினைவு.

முன்னுரை

ஓர் இசை வகையில் ‘பழைய பாடல்கள்’ என்று சுட்டத்தக்க ஒரு தொகுதி உருவாவதற்குப் பொதுவாக ஒரு தலைமுறைக் காலம் தேவைப்படும். மெய்நிகர் பாடகர் இசையில் அது பத்தாண்டுகளுக்குள் நிகழ்ந்துவிட்டது. 2007 டிசம்பரில் வெளியான ‘மெல்ட்’ (உருகுதல்) என்னும் பாடல், 2017இல் பத்தாம் ஆண்டு நிறைவுப் பதிப்பாக மீண்டும் இசையமைக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் வெளிவந்த ‘புராஜெக்ட் செகாய்’ என்னும் கைப்பேசி விளையாட்டு, அவ்விசையின் தொடக்கக் காலப் பாடல்களை, அவை தோன்றிய நாளில் குழந்தைகளாக இருந்த ஒரு தலைமுறையினரிடம் கொண்டு சேர்த்தது.

இப்பாடல்களைப் பற்றிய நினைவுகூரல்களில் ஒரே வகையான சித்திரம் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. பெயர் அறியாத இளைஞர்கள் தம் அறைகளில் அமர்ந்து பாடல் செய்தனர். வேறு யாரோ அதற்குப் படம் வரைந்தனர். இன்னும் யாரோ அதைத் தம் குரலில் பாடினர். எவரும் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பதே அச்சித்திரம். இதனை முற்றிலும் பிழை என்று தள்ள இயலாது. ஆயினும், வரலாற்றுச் சான்றாக இதனை அப்படியே ஏற்பதில் ஒரு சிக்கல் உள்ளது. அனுமதி கேட்கப்படாததால் நேர்ந்த வருத்தங்களும், அவை தீர்க்கப்பட்ட முறையும் இச்சித்திரத்தில் இடம்பெறுவதில்லை.

இத்துறையில் இரு ஜப்பானிய நூல்கள் குறிப்பிடத்தக்கவை. ஹமானோ சதோஷி 2008இல் வெளியிட்ட இணையக் கட்டமைப்புகள் பற்றிய நூலில், ஒரு படைப்பிலிருந்து மற்றொன்று, அதிலிருந்து பிறிதொன்று என முடிவின்றித் தொடரும் ஆக்கத்தை ‘எண்ணிறந்த படிநிலைப் படைப்பு’ என்னும் பொருள்படும் சொல்லால் விளக்கினார். இசை இதழாளர் ஷிபா தொமோனோரி 2014இல் எழுதிய நூலில், 1967, 1987 ஆகிய ஆண்டுகளில் மேலைநாடுகளில் நிகழ்ந்த இளைஞர் இசை எழுச்சிகளின் வரிசையில் மூன்றாவதாக 2007ஐ வைத்தார். முன்னவர் அமைப்பையும் பின்னவர் எழுச்சியையும் முதன்மைப்படுத்தினர். இக்கட்டுரை இவ்விரண்டுக்கும் இடையே நின்று, உரிமை என்னும் கோணத்தில் பாடல்களை அணுகுகிறது.

1. குரலும் கணினியும்: முன்வரலாறு

கணினியைப் பாடவைக்கும் முயற்சி நெடிய வரலாறு உடையது. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் 704 கணினி, ஹாரி டேக்கர் 1892இல் இயற்றிய ‘டெய்சி பெல்’ என்னும் பாடலைப் பாடியது. ஜான் கெல்லி, கரோல் லாக்பாம் ஆகியோர் குரலையும், மேக்ஸ் மேத்யூஸ் பின்னணி இசையையும் உருவாக்கினர். 2000இல் யமாஹா நிறுவனம், பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழக இசைத் தொழில்நுட்பக் குழுவுடன் இணைந்து பாடும் மென்பொருள் ஆய்வைத் தொடங்கியபோது, அத்திட்டத்திற்கு ‘டெய்சி’ என்றே பெயரிடப்பட்டது. கென்மோச்சி ஹிதேக்கி தலைமையில் உருவான அதன் விளைவே வோக்கலாய்டு.

இதன் செயல்முறையைச் சுருங்கக் கூறலாம். மனிதர் ஒருவரின் குரல் முதலில் பதிவு செய்யப்படுகிறது. ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்கு மாறும் இடங்கள் துண்டுகளாகச் சேமிக்கப்படுகின்றன. பயனர் சொல்லையும் சுருதியையும் கால அளவையும் உள்ளிடும்போது, மென்பொருள் உரிய துண்டுகளைத் தேர்ந்து இணைத்துப் பாடலாக்குகிறது. ஒரு சுருதி நிலைக்கு ஜப்பானிய மொழிக்கு ஏறத்தாழ 500 இணைவுத் துண்டுகளும் ஆங்கிலத்திற்கு ஏறத்தாழ 2,500 துண்டுகளும் தேவைப்படுகின்றன. ஜப்பானிய மொழியின் எளிய அசையமைப்பு இத்தொழில்நுட்பத்திற்கு இயல்பாகவே உகந்ததாக இருந்தது.

2004 ஜனவரியில் ஜீரோ-ஜி என்னும் பிரித்தானிய நிறுவனம் லியோன், லோலா ஆகிய முதல் இரு குரல்களை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் சப்போரோ நகரைச் சேர்ந்த கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா நிறுவனம் மெய்க்கோவையும், 2006 பிப்ரவரியில் கைத்தோவையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவை இசைக் கருவிகளாகவே கருதப்பட்டன, பாடகர்களாகக் கருதப்படவில்லை.

2007 ஆகஸ்ட் 31 அன்று வெளிவந்த ஹட்சுனே மிக்கு இந்நிலையை மாற்றியது. குரல் நடிகை ஃபுஜித்தா சக்கியின் குரலும், கெய் என்னும் ஓவியர் வரைந்த உருவமும் அதற்கு அமைந்தன. நிறுவனம் அவ்வுருவத்திற்கு அளித்த குறிப்புகள் மிகக் குறைவு: வயது 16, உயரம் 158 செ.மீ., எடை 42 கி.கி., உகந்த தாளவேகம் நிமிடத்திற்கு 70 முதல் 150 அடிகள், உகந்த குரல் எல்லை. வாழ்க்கைக் கதையோ குணச்சித்திரமோ தரப்படவில்லை. இந்த வெற்றிடத்தைப் பயனர்களே நிரப்பினர். 2006 டிசம்பரில் தொடங்கப்பட்ட நிக்கோநிக்கோ டோகா என்னும் காணொளித் தளம் அதற்குக் களமாயிற்று. பார்ப்பவர் எழுதும் கருத்துரைகள் காணொளியின் மீதே ஓடிச்செல்லும் அமைப்பு அத்தளத்தின் தனித்தன்மை. வெவ்வேறு நேரங்களில் எழுதப்பட்டவை ஒரே நேரத்தில் எழுந்த ஆரவாரம் போலத் தோன்றும். ஹமானோ இதனைப் ‘போலி ஒருங்கியைவு’ என்னும் கருத்தால் விளக்கினார்.

2. கருவியே பாடுபொருளாதல்

மிக்குவின் முதல் வாரப் படைப்புகளில் பெரும்புகழ் பெற்றது ஒரு மறுபாடல். 2007 செப்டம்பர் 4 அன்று ஓதோமானியா என்னும் புனைபெயரினர், ‘இயேவான் போல்க்கா’ என்னும் பின்லாந்து நாட்டுப்புறப் பாடலை மிக்குவின் குரலில் பதிவேற்றினார். உருவம் சிறுத்த மிக்கு கையில் வெங்காயத்தாளைச் சுழற்றும் அசைபடம் அதனுடன் இணைந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், பின்லாந்தின் லொய்த்துமா குழு பாடிய அதே பாடலுடன், வேறொரு கதைமாந்தர் வெங்காயத்தாளைச் சுழற்றும் அசைபடம் இணையத்தில் பரவியிருந்தது. அதன் எதிரொலியே இக்காட்சி. இதன்பின் வெங்காயத்தாள் மிக்குவின் நிலையான அடையாளமாயிற்று. நிறுவனம் தராத ஓர் அடையாளத்தைப் பயனர்கள் நிறுவனத்திற்கே அளித்த முதல் நிகழ்வாக இதனைக் கொள்ளலாம்.

அடுத்த கட்டத்தில் தோன்றிய சொந்தப் பாடல்களின் பொருண்மை கவனத்திற்குரியது. ஆஸ்டர் புராஜெக்ட் செப்டம்பரில் வெளியிட்ட ‘கோயிசுரு வோக்கலாய்டு’ (காதல் கொண்ட வோக்கலாய்டு), தன்னை இயக்குபவரிடம் மென்பொருளே பேசுவதாக அமைந்தது. குரலைச் சரிசெய்யப் பயனர் படும் பாடே அதன் உள்ளடக்கம். செப்டம்பர் 20 அன்று இக்கா என்பவர் வெளியிட்ட ‘மிக்குமிக்கு நி ஷித்தே ஆகேரு’ பாடலிலும், கணினிக்குள் வந்து சேர்ந்த குரல் தன் உரிமையாளரை நோக்கியே பாடுகிறது. அக்காலப் பயனர்கள் குரலைச் செம்மையாக்கும் பணியை, விலங்கைப் பழக்குதலைக் குறிக்கும் சொல்லால் சுட்டினர். கருவி எளிதில் வசப்படாதது என்னும் உணர்வு அச்சொல்லில் பொதிந்துள்ளது.

இவ்வகையின் உச்சம், காஸ்மோ என்பவர் இயற்றிய ‘ஹட்சுனே மிக்கு நோ ஷோஷிட்சு’ (ஹட்சுனே மிக்குவின் மறைவு). 2007 நவம்பரில் குறும்பதிப்பாகவும் 2008 ஏப்ரலில் முழுப்பதிப்பாகவும் வெளிவந்த இப்பாடல், அழிக்கப்படவிருக்கும் மென்பொருளின் விடைபெறுதலைக் கூறுகிறது. இதன் தாளவேகம் நிமிடத்திற்கு 240 அடிகள். நிறுவனம் உகந்ததெனக் குறித்த 150 என்னும் மேல்வரம்பை இது வெகுவாகத் தாண்டுகிறது. சொற்கள் ஒன்றோடொன்று மோதிச் சிதறும் அந்த வேகத்தில், குரலின் செயற்கைத் தன்மை மறைக்கப்படாமல் பொருளின் பகுதியாகிறது. நினைவழியும் ஒன்றின் பேச்சு அவ்வாறே ஒலிக்கும் எனக் கேட்பவர் ஏற்கின்றனர். பின்னர் வந்த பதிப்புகளில் குரல்கள் எவ்வளவோ தெளிவு பெற்றபோதும், பழைய பதிவுகளின் கரகரப்பை நேயர்கள் விரும்புவதற்கு இதுவே காரணம் எனலாம். தொழில்நுட்பக் குறை இப்பாடல்களில் கதையின் சான்றாகப் பயின்றுவருகிறது. குறையை நீக்கினால் கதையும் வலுவிழக்கும்.

3. ‘மெல்ட்’: பாடகியாதலும் சங்கிலித் தொடரும்

2007 டிசம்பர் 7 அன்று ரியோ என்னும் புனைபெயரினர் வெளியிட்ட ‘மெல்ட்’ இப்போக்கிலிருந்து விலகியது. காதல்வயப்பட்ட ஓர் இளம்பெண்ணின் உணர்வே அதன் பொருள். மென்பொருள், கணினி, எதிர்காலம் ஆகியவை பற்றி அதில் எதுவும் இல்லை. மிக்கு தன்னைப் பற்றிப் பாடுவதிலிருந்து பிறருக்காகப் பாடுவதற்கு மாறிய இடம் இது. பாடல் கருவியிலிருந்து விடுபட்டதால், மனிதரும் அதனை எடுத்துப் பாட முடிந்தது. நேயர் பலர் தம் குரலில் பாடிப் பதிவேற்றிய வடிவங்கள் அம்மாதமே தளத்தின் தரவரிசையை நிறைத்தன. இந்நிகழ்வு ‘மெல்ட் அதிர்ச்சி’ என்று இன்றும் சுட்டப்படுகிறது.

2008இல் இச்சங்கிலி மேலும் நீண்டது. பிப்ரவரியில் ஹிகுச்சி யூ வெளியிட்ட ‘மிக்குமிக்கு டான்ஸ்’ என்னும் இலவச முப்பரிமாண மென்பொருள், நடனக் காட்சி அமைப்பதை எளிதாக்கியது. 2007 டிசம்பர் 27 அன்று வெளிவந்த ககமினே ரின், லென் என்னும் இணைக்குரல்கள் கதைப்பாடலுக்கு வழிவகுத்தன. மதி என்னும் படைப்பாளி 2008 ஏப்ரலில் வெளியிட்ட ‘அகு நோ முசுமே’ (தீமையின் மகள்), ‘அகு நோ மேஷிட்சுகாய்’ (தீமையின் பணியாள்) ஆகிய இரு பாடல்களும் ஒரே கதையை இருவர் நோக்கில் கூறுவன. கொடுங்கோல் அரசியாக முதற்பாடலில் காட்டப்பட்டவள், அவளுடைய இரட்டைச் சகோதரனின் வாய்மொழியான இரண்டாம் பாடலில் வேறாகத் தெரிகிறாள். ஒன்றைக் கேட்டபின் மற்றொன்றைக் கேட்பவர் முன்னதன் பொருளைத் திருத்திக்கொள்ள நேர்கிறது. இக்கதை 2010இல் புதினமாகவும் விரிந்தது.

ஒரு பாடலின் ஆசிரியர் யார் என்னும் வினா இங்கே எழுகிறது. குரல் ஈந்தவர், மென்பொருள் அமைத்தவர், இசையும் சொல்லும் இயற்றியவர், ஓவியர், அசைபடம் செய்தவர், மீண்டும் பாடியவர் எனப் பலர் இதில் பங்கேற்கின்றனர். பரிபாடல் தன் பாடல்களுக்குப் பாடியவர், இசை வகுத்தவர், பண் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்துவைத்துள்ளமை தமிழ் ஆய்வாளர் அறிந்ததே. அத்தகைய குறிப்புமுறை நிலைபெறாத ஒரு களத்தில், ஒருவரது பங்களிப்பு மற்றவரது பெயரில் கரைந்துபோவது எளிது. அந்த அபாயமே அடுத்த பகுதியின் பொருள்.

4. 2007 டிசம்பர்

‘மெல்ட்’ காணொளியில் இடம்பெற்ற மிக்குவின் ஓவியத்தை வரைந்தவர் 119 என்னும் புனைபெயர் கொண்ட ஓவியர். அவரது அனுமதியின்றியே ரியோ அதனைப் பயன்படுத்தியிருந்தார். பின்னர் அவரைத் தொடர்புகொண்டு வருத்தம் தெரிவித்தார். ஓவியரோ பாடலை விரும்பித் தொடர்ந்து வரைய முன்வந்தார். சூப்பர்செல் என்னும் கூட்டுக்குழு இவ்வுறவிலிருந்தே வளர்ந்தது. இந்நிகழ்வு இணக்கத்தில் முடிந்தமையால் இனிய கதையாகச் சொல்லப்படுகிறது. ஆனால், அதன் நடுவில் ஒரு மன்னிப்பு இருந்தது என்பது முதன்மையானது. அனுமதி தேவை என்னும் உணர்வு அக்காலத்தில் இல்லாமலில்லை. அதனைக் கேட்பதற்கான முறைமையே இல்லை.

அம்மாதத்தின் இரண்டாம் நிகழ்வு அவ்வளவு எளிதில் முடியவில்லை. ‘மிக்குமிக்கு நி ஷித்தே ஆகேரு’ பாடல், ஜப்பானின் இசைப் பதிப்புரிமைச் சங்கமான ஜாஸ்ராக்கில், டுவாங்கோ குழுமத்தைச் சேர்ந்த இசைப் பதிப்பகத்தின் வழியே பதிவு செய்யப்பட்டிருந்தது வெளியாயிற்று. கலைஞர் பெயராக ஹட்சுனே மிக்கு குறிக்கப்பட்டிருந்தது. அப்பெயரைப் பயன்படுத்தத் தான் இசைவு தரவில்லை என்று கிரிப்டன் தெரிவித்தது. கைப்பேசி மணியோசையாகவும் பிற வடிவங்களிலும் பாடல் விற்கப்படும்போது இயற்றியவருக்கு வருவாய் கிடைக்க இத்தகைய பதிவு துணைபுரியும் என்பது ஒரு தரப்பின் நியாயம். உரிமை சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டபின், மற்றவர் அதனை எடுத்தாள இயற்றியவரே நினைத்தாலும் தாராளமாக இசைவு தர முடியாது என்பது நேயர்களின் அச்சம். டிசம்பர் இறுதிக்குள் இரு நிறுவனங்களும் கூட்டாக அறிக்கை வெளியிட்டுப் பூசலைத் தணித்தன.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் சற்று முன்னர், அதே டிசம்பரின் தொடக்கத்தில், கிரிப்டன் நிறுவனம் பியாப்ரோ என்னும் தளத்தைத் திறந்திருந்தது. பாடல், சொல், ஓவியம் ஆகியவற்றைப் பதிவேற்றுவோர், அவற்றைப் பிறர் எந்நிபந்தனையில் எடுத்தாளலாம் என்பதை அங்கே முன்கூட்டியே குறித்துவைக்க முடிந்தது. எடுத்தாள்பவர் மூலப் படைப்பாளிக்கு நன்றி தெரிவிக்கும் வழக்கமும் அதன் வழியே வேரூன்றியது. கதைமாந்தரின் உருவத்தை வணிக நோக்கமின்றிப் பயன்படுத்துவதற்கான நெறிகளும் படிப்படியாக வகுக்கப்பட்டன. 2012 டிசம்பரில் மூல ஓவியங்களுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் அளிக்கப்பட்டது இப்போக்கின் முதிர்ந்த நிலை.

ஆக, மிகுந்த ஏக்கத்துடன் நினைவுகூரப்படும் பாடல், மிகக் கடுமையான உரிமைப் பூசல், அத்தகைய பூசல்களைத் தவிர்க்க உதவும் முறைமை ஆகிய மூன்றும் ஒரே மாதத்தில் அமைந்தன. தொடக்கத்தில் சுதந்திரமும் பின்னர் விதிகளும் வந்தன என்னும் காலவரிசையை இச்சான்றுகள் ஏற்கவில்லை. எடுத்தாளும் சுதந்திரம் நீடித்ததே, அதற்குரிய விதிகள் உரிய நேரத்தில் எழுந்தமையால்தான் என்று கொள்வதே பொருந்தும்.

வணிகமும் தொலைவில் இல்லை. கேஇசட் என்பவரின் லைவ்டியூன் தொகுப்பு 2008 ஆகஸ்டில் விக்டர் நிறுவனத்தின் வழியாகவும், சூப்பர்செல் தொகுப்பு 2009 மார்ச்சில் சோனி மியூசிக் வழியாகவும் கடைகளுக்கு வந்தன. 2010 மே மாதத்தில் ‘வோக்கலோஜெனசிஸ்’ என்னும் தொகுப்பு ஒரிக்கான் வாரத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. மிக்குவின் வருகைக்கும் இதற்கும் இடையே மூன்று ஆண்டுகூட நிறைவுறவில்லை.

5. ஏக்க நினைவும் அதன் விமர்சனமும்

ஏக்க நினைவு இவ்விசை உலகிற்குள்ளேயே கேள்விக்கு உள்ளாகியுள்ளது. முன்னர் ஹாச்சி என்னும் பெயரில் வோக்கலாய்டு பாடல்களை இயற்றிய யோனெசு கென்ஷி, மிக்குவின் பத்தாம் ஆண்டையொட்டி 2017இல் நிகழ்ந்த ‘மேஜிக்கல் மிராய்’ விழாவுக்காகச் ‘சுனா நோ வாகுசேய்’ (மணற்கோள்) என்னும் பாடலை எழுதினார். செழித்திருந்த நிலம் பாலையாகிவிட்டது என்னும் படிமம் அதில் விரிகிறது. ‘மெல்ட் அதிர்ச்சி’யைப் பெயர் சுட்டியே அது குறிப்பிடுகிறது, முந்தைய பாடல்கள் பலவற்றின் சாயலும் அதில் உண்டு. கொண்டாட்டத்திற்கென எழுதப்பட்ட பாடல் இரங்கலாக ஒலித்தமை நேயர்களிடையே விவாதத்தை எழுப்பியது. பொற்காலம் முடிந்தது என்று கூறுவதா, புதியவர்களை அழைப்பதா என இருவகையாகவும் அதனை வாசிக்க முடிகிறது. மிக்குவின் குரலிலேயே மிக்குவின் உலகம் குறித்து இரங்கும் இப்பாடல், கருவியே பாடுபொருளாகிய 2007ஆம் ஆண்டு மரபின் தொடர்ச்சி என்பது நோக்கத்தக்கது.

மற்றொரு நிகழ்வு இந்நினைவின் பொருள்சார்ந்த அடிப்படையை வெளிப்படுத்தியது. 2024 ஜூன் மாதத்தில் நிக்கோநிக்கோ தளம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, ஆகஸ்ட் தொடக்கம் வரை ஏறத்தாழ இரு மாதங்கள் இயங்கவில்லை. இடைக்காலத்தில் எளிய வடிவில் திறக்கப்பட்ட தற்காலிகத் தளத்தில், பழைய காணொளிகளில் தெரிந்தெடுத்த சிலவே காணக்கிடைத்தன. பயனர்கள் பதிவேற்றிய காணொளிகள் அழியவில்லை. ஆயினும் ஓர் இசை மரபின் மூல ஆவணங்கள் பெரிதும் ஒரே தளத்தைச் சார்ந்துள்ளன என்பது அந்த இரு மாதங்களில் தெளிவாயிற்று. பாடலை வேறு தளங்களிலும் கேட்கலாம். அதன் மீது ஓடிய கருத்துரைகளையும், படைப்பாளிகள் காணொளியின் கீழ் எழுதிய நன்றிக் குறிப்புகளையும் வேறெங்கும் முழுமையாகப் பெற இயலாது. இக்கட்டுரை வலியுறுத்தும் உரிமை வரலாற்றுக்கு அக்குறிப்புகளே முதன்மைச் சான்றுகள்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

முதலாவதாக, தொடக்கக் காலப் பாடல்களின் ஈர்ப்பு அவற்றின் தொழில்நுட்பக் குறையை மீறி எழுந்ததன்று. அக்குறையையே பாடுபொருளாக்கியதில் அது வேர்கொண்டுள்ளது. ‘மெல்ட்’ அப்பொருளைக் கைவிட்டதன்வழி, பாடலை மனிதக் குரல்களுக்கும் உரியதாக்கியது.

இரண்டாவதாக, கூட்டுப் படைப்பு என்பது பெயரற்ற நிலையாகாது. ஒவ்வொரு பங்களிப்பாளருக்கும் உரிய பெயர் இருந்தது. அப்பெயர்களைக் காப்பதற்கான முறைமை, வருத்தம், பூசல், உடன்பாடு ஆகியவற்றினூடே சில மாதங்களில் உருவானது.

மூன்றாவதாக, ஏக்க நினைவு அச்சுதந்திரத்தை மட்டும் எஞ்சவிட்டு, அதற்காக நிகழ்ந்த பேச்சுவார்த்தைகளை மறக்கச் செய்கிறது. மனிதக் குரலைப் பாவிக்கும் கருவிகள் பெருகி, குரல் ஈந்தவரின் ஒப்புதல் பற்றிய வினா எங்கும் எழுந்துள்ள இக்காலத்தில் அந்த மறதி பொருட்படுத்தத்தக்கது. ஃபுஜித்தா சக்கி, தம் குரல் எதற்கென அறிந்து அதனை ஈந்தார். 119 தம் ஓவியத்திற்கான மன்னிப்பைப் பெற்று, அதன்பின் கூட்டாளியானார். அப்பாடல்கள் இன்றும் கேட்கப்படுவதற்கு அவற்றின் இனிமை ஒரு காரணம். பங்கேற்றோர் ஒருவரையொருவர் கேட்டறிந்து நடக்கக் கற்றுக்கொண்டது மற்றொரு காரணம். வரலாற்றாய்வு இவ்விரண்டாம் காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும். அதற்கு, பாடல்களோடு அவற்றின் நன்றிக் குறிப்புகளும் கருத்துரைகளும் ஆவணமாகப் பேணப்படுதல் இன்றியமையாதது.